கோபுரம் சொல்லும் பயணக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கைத்தொலைபேசிப் பதிவுகளை வைத்து மக்களின் பயணங்களை ஆராய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில். கொழும்பைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

கேள்வி: நான் தினமும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். எந்த வீதியால் போகிறேன், எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்பதெல்லாம் போன் கம்பனிக்குத் தெரியுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பஸ் தெரியாது. உங்கள் போனின் அலையைப் பிடித்த கோபுரம் தெரியும்.

நீங்கள் அழைப்பு எடுத்தாலும், உங்களுக்கு அழைப்பு வந்தாலும், குறுஞ்செய்தி போனாலும், இணையம் பாவித்தாலும் கட்டணக் கணக்குக்காகக் கம்பனியின் கணினியில் ஒரு வரி விழுகிறது. அதற்குப் பெயர் அழைப்பு விபரப் பதிவு. துறையில் இருப்பவர்கள் சி.டி.ஆர். என்பார்கள். அந்த வரியில் உங்கள் எண், எதிர்முனை எண், திகதி, நேரம், எத்தனை விநாடி பேசினீர்கள், அழைப்பு எந்த அன்டெனா வழியாகப் போனது என்பவை இருக்கும். என்ன பேசினீர்கள் என்பது இருக்காது. அந்த அன்டெனா எங்கே நிற்கிறது என்பது கூட அந்த வரியில் இல்லை. கோபுரங்களின் அமைவிடப் பட்டியல் தனிக் கோப்பு. இரண்டையும் சேர்த்தால்தான் வரைபடத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியும் கோபுரத்தின் இடம்தான், உங்கள் இடம் அல்ல.

கொழும்பு நகருக்குள் கோபுரங்கள் சில நூறு மீற்றர் இடைவெளியில் நிற்பதால் நீங்கள் வெள்ளவத்தையிலா பம்பலப்பிட்டியிலா என்பது தெரிந்துவிடும். வன்னிப் பக்கம் ஒரே கோபுரம் பல கிலோமீற்றருக்குப் பொறுப்பு; அங்கே பக்கத்து ஊருக்குப் போய்வந்தாலும் பதிவில் நீங்கள் அசையவே இல்லை.

இன்னொரு வகைப் பதிவும் உண்டு. போன் சட்டைப்பையில் சும்மா கிடந்தாலும், ஒரு வலயத்திலிருந்து (பல கோபுரங்கள் சேர்ந்த பகுதி) இன்னொன்றுக்கு மாறும்போதும், குறித்த இடைவெளிக்கு ஒருமுறையும் “இங்கே இருக்கிறேன்” என்று வலையமைப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். 4ஜி தரநிலையில் இந்த இடைவெளியின் இயல்பு அளவு 54 நிமிடம். கம்பனி விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இவற்றுக்குக் கட்டணம் இல்லாததால் கணக்குப் பிரிவு சேமிப்பதில்லை. சேமிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். அதனால்தான் பெரும்பாலான ஆய்வுகள் சி.டி.ஆரையே நம்பி நடக்கின்றன.

கேள்வி: ஆய்வுக்காக எண்கள் மறைக்கப்பட்ட ஒரு மாத சி.டி.ஆர். கிடைத்திருக்கிறது. வீடு, வேலையிடம் கண்டுபிடித்து, எங்கிருந்து எங்கே எத்தனை பேர் போகிறார்கள் என்ற அட்டவணை போட வேண்டும். எங்கே தொடங்குவது?
— ஆய்வு மாணவர், மொறட்டுவை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதிவுகள் நம் நேரத்தில் இருக்கின்றனவா, கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் இருக்கின்றனவா என்று கோப்பில் பெரும்பாலும் எழுதியிருக்காது. மணிக்கு எத்தனை அழைப்பு என்று ஒரு வரைபு போடுங்கள். ஊர் தூங்கும் அதிகாலை மூன்று, நான்கு மணியில் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளம் இரவு பத்து மணியில் விழுந்திருந்தால் உங்கள் கோப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி கூட்டுங்கள். கூட்டாமல் விட்டால் “இரவு 9 முதல் காலை 5 வரை” என்று நீங்கள் நினைப்பது உண்மையில் அதிகாலை 2.30 முதல் காலை 10.30 வரை. பாதிப் பேருக்கு அலுவலகமே வீடாகிவிடும்.

அடுத்து கோபுரப் பட்டியல். கொழும்பு வட அகலாங்கு 6.93, கிழக்கு நெட்டாங்கு 79.85. இரண்டு நிரலும் இடம் மாறியிருந்தால் கொழும்பு, நோர்வேக்கு வடக்கே உறைபனிக் கடலுக்குள் போய் விழும். இது கண்ணில் பட்டுவிடும் பிழை, பயமில்லை. பயப்பட வேண்டியது, மாத நடுவில் ஒரு கோபுரத்தை இடம் மாற்றிவிட்டு அதே குறியீட்டைக் கொடுத்திருப்பது. பட்டியல் எந்தத் திகதிக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள்.

பிறகு மனிதர் அல்லாதவற்றை நீக்குங்கள். கார்ட் இயந்திரம், வாகனத்தில் பொருத்திய கண்காணிப்புக் கருவி, விளம்பரச் செய்தி அனுப்பும் சிம் எல்லாம் கோப்பில் மனிதரைப் போலவே தெரியும். பஸ்ஸில் பூட்டிய கருவி ஒன்று நாளுக்கு எட்டுத் தடவை ஒரே பாதையில் போய்வரும். அதை விட்டுவைத்தால் அந்தப் பாதையில் ஓயாமல் அலையும் ஒரு பயணி உங்கள் அட்டவணையில் பிறந்துவிடுவார். நாளுக்குச் சில நூறு நிகழ்வுகள் உள்ள சிம், எதிர்முனை எண் ஒன்றே ஒன்றாக உள்ள சிம், இணையப் பதிவு மட்டும் உள்ள, இரவு பகல் ஒரே சீராக ஒலிக்கும் சிம் ஆகியவற்றைத் தனியே எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனித்தான் உண்மையான தலைவலி. ஒருவர் வீட்டுக் கதிரையில் அசையாமல் இருப்பார். அவர் போன் இரண்டு கோபுரங்களுக்கு இடையில் பந்தாடும். ஒரு கோபுரத்தில் நெரிசல் கூடினால், மழை பெய்தால், அறையின் மற்ற மூலைக்குப் போனால் கூட மாறும். அ–ஆ–அ என்று போய், பத்து நிமிடத்துக்குள் பழைய கோபுரத்துக்கே திரும்பினால் நடு வரியை அழித்துவிடுங்கள். இரண்டு பதிவுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அதிவேக நெடுஞ்சாலையிலேயே மணிக்கு 100 கிலோமீற்றர்தான் எல்லை, ஆகவே 150ஐத் தாண்டினால் அது பயணம் அல்ல. நீர்ப்பரப்பு இருக்கும் இடங்களில் தனிக் கவனம் வேண்டும். காலிமுகத்திடல், பேரே வாவி, நீர்கொழும்புக் களப்பு போன்ற இடங்களில் அலைகளை மறைக்கக் கட்டடம் இல்லாததால் போன் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள கோபுரங்களை ஒரே கொத்தாக இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். கூடவே நுணுக்கமும் கொஞ்சம் போகும். அந்த விலையைக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு இரவு 9 முதல் காலை 5 வரை, வேலையிடத்துக்கு வாரநாள்களில் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை என்று எடுப்பது வழக்கம். அழைப்புகளை எண்ணாதீர்கள், நாள்களை எண்ணுங்கள். நண்பர் வீட்டில் ஒரே இரவு தங்கி இருபது அழைப்பு எடுத்தவருக்கு, அழைப்பை எண்ணினால் நண்பர் வீடே சொந்த வீடாகும். நாளை எண்ணினால் அது ஒரேயொரு இரவு. மாதத்தில் குறைந்தது ஐந்து இரவாவது தெரிந்து, அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கொத்தில் இருந்தால் வீடு என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் “தெரியாது” என்று விடுங்கள். வேலைநாள் கணக்கில் போயா நாள்களை, அதாவது மாதந்தோறும் வரும் பௌர்ணமி விடுமுறைகளை, எடுத்துவிட மறக்காதீர்கள். வெளிநாட்டு மென்பொருளின் நாள்காட்டிக்குப் போயா தெரியாது. சித்திரைப் புத்தாண்டு விழும் மாதம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் அந்த இரு வாரத்தையும் வெட்டிவிடுங்கள். கொழும்பில் வேலை செய்வோர் ஊருக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் வீடு மாறிவிடும்.

கட்டுநாயக்க வர்த்தக வலயத்தின் இரவு முறை, வைத்தியசாலைத் தாதியர், காவலாளிகள் ஆகியோருக்கு இந்த விதி தலைகீழாக வேலை செய்யும்: தொழிற்சாலை வீடாகவும், தங்குமிடம் வேலையிடமாகவும் வரும். வலயத்துக் கோபுரங்களில் “வீடு” அளவுக்கு மீறி விழுந்தால் அங்கே மட்டும் விடுமுறை இரவுகளை வைத்துத் திரும்பக் கணக்கிடுங்கள்.

கடைசியாகப் பயணம். ஒரு நாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 06:05 மொறட்டுவை, 07:20 பம்பலப்பிட்டி, 09:10 கோட்டை, 13:02 கோட்டை, 18:45 தெஹிவளை, 21:30 மொறட்டுவை. இவர் 6.05க்குப் புறப்பட்டார் என்று எழுதக்கூடாது. 6.05க்குப் பிறகு எப்போதோ புறப்பட்டு, 9.10க்கு முன் எப்போதோ கோட்டையை அடைந்தார், அவ்வளவுதான். இந்த இடைவெளியைச் சமாளிக்க டாக்காவில் 28.7 இலட்சம் பேரின் ஒரு மாதப் பதிவை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு வழி கண்டார்கள். அடுத்தடுத்த இரண்டு பதிவுகள் வெவ்வேறு கோபுரத்தில், 10 நிமிடத்துக்குக் குறையாமலும் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருந்தால் மட்டும் அதை ஒரு பயணத் துண்டாக எடுத்தார்கள். பத்து நிமிட எல்லை பந்தாட்டத்தை வடிகட்டும். ஒரு மணி எல்லை நடுவில் எங்கோ இறங்கி ஏறியதை வடிகட்டும். இப்படிக் கிடைப்பது மொத்தப் பயணத்தில் ஒரு சிறு பங்குதான். ஆகவே நகரின் 13 முக்கிய இடங்களில் மூன்று நாள் வாகனங்களை எண்ணி, அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தும்படி பெருக்கிச் சரி செய்தார்கள். உங்கள் ஆய்விலும் வீதியோரம் நின்று எண்ணிய கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாத அட்டவணையில் எந்தப் பாதை பெரிது, எது சிறிது என்பது இருக்கும். எத்தனை பேர் என்பது இருக்காது.

கேள்வி: எங்கள் பக்கம் ஒரு கம்பனிதான் நன்றாக எடுக்கும், மற்றவை இல்லை. பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் போன் கிடையாது. பிறகு எப்படி இது எல்லாருடைய பயணமாகும்?
— ஆசிரியர், கிளிநொச்சி

ஆகாது, ஆக்க வேண்டும். அதற்கு எடை போடுவார்கள். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் தொகைமதிப்பின்படி 90,000 பேர், அங்கே வீடு என்று கணக்கான சிம் 22,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிம்முக்கு எடை 4. அந்தப் பிரிவிலிருந்து 600 சிம் நகரத்துக்குப் போனால் 2,400 பேர் என்று எழுதுவார்கள். பக்கத்துப் பிரிவில் அதே கம்பனிக்கு வாடிக்கையாளர் குறைவென்றால் அங்கே எடை 15 ஆகக்கூட வரலாம். எடை கூடக் கூட ஒரு சிலரின் பழக்கம் முழுப் பிரிவின் பழக்கமாக ஊதிப் பெருகும். எடை மிக உயர்ந்த பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவுகளுடன் சேர்த்துக் காட்டுவதே நேர்மை.

எடை சரி செய்வது ஆள் எண்ணிக்கையை மட்டும்தான். போன் வைத்திருப்பவர் போலவே போன் இல்லாதவரும் பயணம் செய்கிறார் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் காலைப் பயணம் இந்தக் கணக்கில் ஏறாது. அதற்குப் பாடசாலை இடாப்பையே கேட்க வேண்டும். இரண்டு சிம் வைத்திருப்பவர், இரு கம்பனியின் தரவையும் சேர்த்தால் இரண்டு பேராக வருவார் என்பது இன்னொரு சிக்கல். எடை அதை ஓரளவு அமுக்கிவிடும், முழுவதும் அல்ல.

பழைய தொகைமதிப்பை வைத்து எடை போட்டால் மீள்குடியேற்றம் நடந்த இடங்களில் எல்லாமே பிசகும் என்பதையும் உங்கள் மாவட்டத்துக்காகச் சொல்லி வைக்கிறோம்.

கேள்வி: காலி வீதியில் பஸ்ஸில் போவோர் எத்தனை, கரையோர ரயிலில் போவோர் எத்தனை என்று இந்தத் தரவு சொல்லுமா?
— வாசகர், தெஹிவளை

இந்தக் கேள்விக்கு இதைவிடப் பாதகமான ஒரு பாதை கிடைக்காது. தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ரயில் கடலோரமாகவும் காலி வீதி அதற்குச் சற்று உள்ளேயும் இணையாகவே ஓடுகின்றன. இரண்டுக்கும் ஒரே கோபுரங்கள்தான். சி.டி.ஆரில் பஸ் பயணியும் ரயில் பயணியும் ஒன்று.

முன்பு சொன்ன, அழைப்பில்லாமலே போன் அனுப்பும் அறிவிப்புகள் கிடைத்தால் ஒரு வழி உண்டு. ரயில் ஒரு வலய எல்லையைக் கடக்கும்போது நூற்றுக்கணக்கான போன்கள் சில விநாடிக்குள் ஒரேயடியாக வலயம் மாறும்; பஸ்ஸில் அந்தளவுக்கு வராது. ரயில் நேர அட்டவணையுடன் ஒப்பிட்டு அந்தக் கொத்துகளைப் பிரிக்கலாம். நேரம் தவறாமல் ரயில் வரும் நாட்டில் இன்னும் எளிது! நடைமுறையில் உங்கள் கேள்விக்கு நிலைய வாசலில் ஆளை நிறுத்தி எண்ணுவதும், டிக்கட் விற்பனையும், பஸ்ஸில் ஏறி இறங்குவோரை எண்ணுவதும்தான் மலிவான விடை. தரவு இருக்கிறது என்பதற்காக அதனிடமே எல்லாவற்றையும் கேட்கத் தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் பழைய கணக்கெடுப்பே போதுமே? இதனால் புதிதாக என்ன தெரிந்தது?
— வாசகர், யாழ்ப்பாணம்

கொழும்பையே எடுப்போம். லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகளின், எண் மறைக்கப்பட்ட பதிவுகளை வைத்து, பகலில் கொழும்பு நகருக்குள் இருப்போர் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று பார்த்தது. பகல் மக்களில் 46.9 சதவீதம் நகருக்கு வெளியிலிருந்து வருவோர். அதில் பெரிய பங்கு மகரகம 3.7, கொலன்னாவ 3.5, கடுவெல 3.3 சதவீதம். கவனியுங்கள்: முதலிடத்தில் இருப்பதே நான்கைத் தொடவில்லை. வருகை ஒரு திசையில் குவியாமல் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கிறது. ஒரேயொரு பெரும் பாதையைப் போட்டு இந்த நெரிசலைத் தீர்த்துவிடலாம் என்று சொல்வோரிடம் காட்ட வேண்டிய அட்டவணை இது.

மேல் மாகாணத்தில் 2013இல் ஜப்பானின் ஜைக்கா என்ற உதவி நிறுவனத்தின் துணையுடன் வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பும் நடந்தது. அப்படிப்பட்ட கணக்கெடுப்பு ஏன் போனார், எதில் போனார், என்ன செலவு, வீட்டில் மோட்டார் சைக்கிள் உண்டா என்பதையெல்லாம் சொல்லும். போன் பதிவு இதில் ஒன்றையும் சொல்லாது. ஆனால் கணக்கெடுப்பு ஒரு நாளைக் கேட்கிறது; அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை. மழைக்காலத் திங்களுக்கும் பாடசாலை விடுமுறை வியாழனுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு அங்கே இடமில்லை.

போன் பதிவு மெல்ல மறைத்துவிடும் ஒரு பகுதியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, சந்தையில் மீன் வாங்கி, தாயாருக்கு மருந்து எடுத்துக் கொடுத்து வீடு திரும்பும் பெண்ணின் நான்கு பயணமும் ஒரே கோபுரத்தின் கீழ் முடிந்துவிடும். பதிவில் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. 25 கிலோமீற்றர் அலுவலகம் போய்வரும் கணவர் மட்டும் தெரிவார். இந்தத் தரவை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் தூரப் பயணத்துக்குக் காசு போகும். நடைபாதைக்கும் உள்ளூர் பஸ்ஸுக்கும் போகாது. இரண்டு முறையும் சேர வேண்டும் என்று சொல்வது சமரசத்துக்காக அல்ல. ஒன்றின் ஓட்டை மற்றதற்குத் தெரியும் என்பதால்தான்.

கேள்வி: எண்ணை மறைத்துவிட்டார்கள் என்றால் தனியுரிமைப் பிரச்சினை முடிந்ததுதானே?
— மென்பொருள் பணியாளர், சென்னை

முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. எண்ணை ‘ஹாஷ்’ செய்து ஓர் எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். போன் எண்ணுக்கு அது பொருந்தாது. இலங்கைக் கைத்தொலைபேசி எண் 07இல் தொடங்கும். மீதி எட்டு இலக்கம். ஆக மொத்தம் பத்துக் கோடி எண்தான் சாத்தியம். பத்துக் கோடியையும் ஹாஷ் செய்து ஓர் அகராதி போட்டுக்கொள்ள உங்கள் மடிக்கணினிக்குச் சில நிமிடம் போதும். இந்திய எண்ணுக்குப் பத்து இலக்கம், இன்னும் கொஞ்சம் நேரம், வித்தியாசம் அவ்வளவே. ஆகவே கம்பனிக்குள்ளேயே வைத்திருக்கும் இரகசியச் சாவியைக் கலந்துதான் மாற்ற வேண்டும். ஆய்வு முடிந்ததும் சாவியை அழிக்க வேண்டும். ஆய்வாளர் கையில் அது ஒருபோதும் போகக்கூடாது.

எண்ணை முழுதாக நீக்கினாலும் தடம் இருக்கிறது. 15 இலட்சம் பேரின் 15 மாதப் பதிவை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கோபுர அளவு இடமும் மணி அளவு நேரமும் உள்ள நான்கே நான்கு புள்ளிகள் போதும், 95 சதவீதத்தினரைக் கூட்டத்திலிருந்து தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கு உங்களைப் பற்றி நான்கு புள்ளி தெரியாதா என்ன? அலுவலகம், வீடு, போன சனிக்கிழமைத் திருமணம், அதற்கு முந்திய வாரம் ரயில் நிலையம். முடிந்தது.

அதனால் இன்று நல்ல வழக்கம் இதுதான்: தனியாள் வரிகள் கம்பனியின் சேவரை விட்டு வெளியே வருவதில்லை, கணக்கு அங்கேயே ஓடி, கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரும். புளோமைண்டர் என்ற அமைப்பின் புளோகிட் என்ற திறந்தநிலை மென்பொருள் இப்படி வேலை செய்வதற்கென்றே எழுதப்பட்டது. கூட்டுத்தொகையிலும் 15க்குக் குறைந்த கட்டங்களை அழித்துவிடுவது பாதுகாப்பானது. ஒரு கிராமத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட மருத்துவமனைக்கு இருவர் போனார்கள் என்ற கட்டம், ஊராருக்கு இரண்டு பெயர்.

சட்டத்தைப் பொறுத்தவரை இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. குற்ற விசாரணைக்குப் பொலிஸார் ஒருவரின் பதிவைக் கேட்டு வாங்குவது முற்றிலும் வேறு வழி. அதை இதனுடன் குழப்ப வேண்டாம்.

கேள்வி: வெள்ளம், புயல் வந்தால் மக்கள் எங்கே போனார்கள் என்று இதனால் அறிய முடியுமா?
— தொண்டர், மட்டக்களப்பு

முடியும், இந்தத் தரவு மிக நன்றாகப் பயன்பட்டது அங்கேதான். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் டிஜிசெல் கம்பனியின் சுமார் 19 இலட்சம் சிம்களின் நகர்வைப் பார்த்தார்கள். அந்த மாத முடிவுக்குள் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர் வெளியேறியிருந்ததாக மதிப்பிட்டார்கள். உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி அடுத்தது: அவர்கள் ஓடிய இடம், அதற்கு முந்திய நத்தார், புத்தாண்டு விடுமுறையை எங்கே கழித்தார்களோ அந்த இடத்துடன் பெருமளவு பொருந்தியது. ஆபத்தில் மனிதர் உறவைத் தேடித்தான் போகிறார். ஆகவே பண்டிகைக்கால நகர்வு அட்டவணை ஒன்று அனர்த்தத்துக்கு முன்பே தயாராக இருந்தால், நிவாரணத்தை முகாமுக்கு மட்டுமல்லாமல் எந்தெந்த ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

ஆனால் எச்சரிக்கை: புயலில் கோபுரமே விழும், மின்சாரம் போகும். ஒரு பகுதியில் சிம்கள் திடீரென்று காணாமற்போனால் ஆள் வெளியேறினார் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் எந்தக் கோபுரம் உயிருடன் இருந்தது என்ற பட்டியலைக் கம்பனியிடம் கேட்டு வாங்காமல் வரைபடம் வெளியிடக்கூடாது. மிகவும் பாதிக்கப்பட்ட ஊரே மிக அமைதியாகத் தெரியும்.

கேள்வி: கம்பனித் தரவு எங்களுக்குக் கிடைக்காது. கல்லூரி அளவில், கையில் இருக்கும் போனை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?
— கட்டடப் பொறியியல் மாணவி, திருச்சி

நன்றாகவே செய்யலாம். முப்பது பேர், ஒரு வாரம், ஆண்ட்ராய்டு போனில் தடம் பதியும் இலவசச் செயலி ஒன்று. ஜி.பி.எஸ். இருப்பதால் கோபுரம் சொல்லாத வீதியும் நிறுத்தமும் இதில் தெரியும்.

பதிவு இடைவெளியை 10 விநாடிக்கு வையுங்கள். 30 விநாடி வைத்தால் மின்கலம் மிஞ்சும். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் 20 விநாடி நின்று கிளம்புவது பதிவில் விழாது, பேருந்தும் காரும் ஒன்றாகிவிடும். முதல் நாள் மாலையே பாதிப் பேரின் தடம் நடுவில் அறுந்திருக்கும். காரணம் செயலி அல்ல. மின்சேமிப்பு என்ற பெயரில் போன் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கி, இட அனுமதியை “எப்போதும்” என்று மாற்ற வேண்டும். ஒவ்வொருவரின் போனையும் நீங்களே கையில் வாங்கிச் செய்யுங்கள். சொல்லிவிட்டால் செய்ய மாட்டார்கள்.

ஒவ்வொரு புள்ளியுடனும் எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்ற மதிப்பும் வரும். 50 மீட்டருக்கு மேல் உள்ளதைத் தள்ளுங்கள். தள்ளாவிட்டால் வகுப்பறை மேசையில் கிடக்கும் போன் சுவர்களுக்கு நடுவே சிதறித் துள்ளி, நாள் முடிவில் சில கிலோமீட்டர் “நடந்திருக்கும்”. ஒருவர் ஓரிடத்தில் நின்றதை, அதாவது தங்கலை, கண்டுபிடிக்க 200 மீட்டர் வட்டத்துக்குள் 20 நிமிடம் என்று ஆய்வுகளில் எடுப்பார்கள். நம் ஊருக்கு அது பெரிது. ஐந்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்து பிடிப்பவரை விட்டுவிடும். 100 மீட்டர், 5 நிமிடம் என்று குறைத்தால் நெரிசலில் நின்ற சந்திப்பும் தங்கலாக வரும். குறைத்தே வையுங்கள், வந்ததையெல்லாம் அன்றிரவே உரியவரிடம் காட்டி, எதில் போனீர்கள், ஏன் நின்றீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள், கணக்குக்குப் பைத்தான் நிரல்மொழியில் மூவிங்பாண்டாஸ் என்ற தொகுப்பு போதும். சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் மத்திய பேருந்து நிலையத்துக்கும் இடையில் எந்த நேரத்தில் எத்தனை நிமிடம், காத்திருப்பு எவ்வளவு, நெரிசல் எந்தச் சந்திப்பில் என்பதை இதில் உறுதியாகச் சொல்லலாம். திருச்சி மக்களில் இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் முப்பது பேர் கல்லூரி மாணவர்கள்.

வெளியிடும் முன் ஒவ்வொரு தடத்தின் முதல், கடைசி 300 மீட்டரை வெட்டுங்கள்; இல்லாவிட்டால் கோடு போய் நிற்கும் இடம் ஒருவரின் வீட்டு வாசல். ஸ்ட்ராவா செயலியின் ஓட்டத் தட வரைபடத்தால் இராணுவ முகாம்களின் உள்வீதிகள் உலகத்துக்கே தெரியவந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. பெயர் ஒன்றும் அதில் இல்லை, கோடுகள் மட்டுமே.

கேள்வி: கூகுள் வரைபடத்தில் வீதி சிவப்பாவதும் இதே கோபுரக் கணக்குத்தானா?
— வாசகர், கண்டி

இல்லை. அது போனின் ஜி.பி.எஸ். உள்ளிட்ட இடத்தகவலிலிருந்து வரும் வேகக் கணக்கு. மெதுவாக நகரும் போன்கள் நிறைய இருந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள்ளும். 2020 பெப்ரவரியில் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் 99 பழைய போன்களை ஒரு சிறு கைவண்டியில் போட்டு பெர்லின் வீதியில் இழுத்துக்கொண்டு நடந்த காணொளி வெளியானது. ஆளில்லாத வீதி வரைபடத்தில் சிவந்தது. அதற்குப் பதில் சொன்ன கூகுள், கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பிரித்தறியும் வசதி இந்தியா, இந்தோனேசியா, எகிப்து உட்படச் சில நாடுகளில் இருப்பதாகவும், கைவண்டிக்கு இன்னும் வழி காணவில்லை என்றும் சொன்னது. கண்டி நகருக்குள் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் காருக்கு இடையில் புகுந்து போகும் வேகம், பின்னால் நிற்கும் பஸ்ஸின் வேகம் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பைப் பாருங்கள்.